லீக்டன்ஸ்டைனுக்குச் சண்டை போடப் போன கதை

“அங்க போய் என்னத்தைப் பாக்கப் போறீங்க, அத்தை?” என்று மாப்பிள்ளை கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சூரிக்கில் மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. லீக்டன்ஸ்டைனுக்கு ஒரு நாள் போய்விட்டு வர வேண்டும் என்று அன்று காலைதான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை சென்னையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னைக்காரர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே, “அது நாடே இல்ல அத்தை. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவுல ஒரு கோடு. பஸ்ஸை நிறுத்தி டீ குடிச்சிட்டுப் போற எடம்,” என்றார்.

டீ குடித்துவிட்டுப் போகிற இடம்! இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருக்கிறது. எனக்குத் திண்டிவனம். எந்த ஊரில் போய்ப் பேரைச் சொன்னாலும், “ஓ, திண்டிவனமா, பாண்டிச்சேரி போறப்ப டீ குடிப்போமே” என்பார்கள். திருச்சி போகிறவனும் அதையேதான் சொல்வான். நாங்கள் என்னமோ இவர்களுக்கு டீ போடுவதற்காகவே பிள்ளை பெற்று, வீடு கட்டி, ரேஷன் கார்டு வாங்கிக் குடியிருக்கிற மாதிரி. மாப்பிள்ளையே பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காரை விட்டு இறங்கினதும், “பைபாஸ்லேர்ந்து உள்ள இவ்ளோ ஊர் இருக்கா!” என்று கேட்டவர்தான்.

“நான் பாக்கப் போகல மாப்ள. சண்டை போடப் போறேன்,” என்றேன்.

மகள் கவிதா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, “அம்மா, வந்த எடத்துல என்னம்மா இது?” என்றாள்.

என்னவென்று சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தேன். கடைசி எட்டு வருஷம் முண்டியம்பாக்கத்தில். அங்கே என் வார்டில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவள் காசியம்மா. அனந்தபுரத்துக்காரி. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, நாங்கள் ட்யூட்டி மாற்றுவதற்குள் வார்டைப் பளிச்சென்று ஆக்கிவிடுவாள். அவளுடைய மூத்த பிள்ளை பார்த்திபன் சமையல் வேலைக்கென்று இந்த லீக்டன்ஸ்டைனுக்குப் போய் நாலு வருஷம். ரெண்டு வருஷம் முன்னால் காசியம்மாவின் புருஷன் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளை வரவில்லை. கொள்ளியைச் சித்தப்பன் மகன்தான் வைத்தான்.

“பாஸ்போர்ட்ட ஓனரு புடுங்கி வெச்சிக்கினானாம் சிஸ்டர். லீவு கேட்டா மொறைக்கிறானாம்,” என்று வார்டு வாசலில் நின்று அவள் அழுதது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அவள் மகள் ரேவதிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தானே முன்னால் நிற்க வேண்டும்? நான் சூரிக் போகிறேன் என்று கேள்விப்பட்டு, திண்டிவனத்துக்கே வந்துவிட்டாள். ஒரு பையில் மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை; இன்னொரு பையில் கருவாடு. கருவாட்டை ஏரோப்ளேனில் விட மாட்டார்கள் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

“நீங்க போற ஊருக்குப் பக்கத்துலதான் சிஸ்டர் அவன் கீறான். அந்த ஓனர நாலு கேள்வி கேளுங்க. நீங்க கேட்டா பெரிய டாக்டரே கம்முனு நிப்பாரு. அண்ணங்காரன் இல்லாம கல்யாணம் வாணாம்னு ரேவதி சொல்லிக்கினு கீறா. மாப்ள ஊட்ல என்னா நெனைப்பாங்க?”

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். போதுமா?

*

மறுநாள் காலை ரயிலில் ஏறினேன். மகளும் மாப்பிள்ளையும் ஆபீசுக்குப் போக வேண்டும். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பச்சை பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கவிதா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். என் தோள்பையில் பாஸ்போர்ட், விசா நகல், இன்சூரன்ஸ் தாள், பென்ஷன் புத்தக நகல், காதும் நெற்றியும் தெரிய எடுத்த போட்டோ நாலு, எல்லாம் இருந்தன.

இந்தத் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசாவுக்காகச் சென்னையில் ஒரு கண்ணாடி ஜன்னல் முன்னால் நிற்கவைத்து, நான் திரும்பி வருவேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஒரு பெண் கேட்டாள். என் பெண் வயதுதான் இருக்கும். திண்டிவனத்தில் எனக்கு வீடு இருக்கிறது, தென்னை ரெண்டு நிற்கிறது, வாரா வாரம் பி.பி. பார்க்க என்னிடம் வரும் ஜனங்கள் இருக்கிறார்கள், அதை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் குளிரில் நான் ஒளிந்துகொள்வேனா? இதை எந்தத் தாளில் எழுதிக் காட்டுவது?

அப்படிப்பட்ட கெடுபிடிக்குப் பிறகு, எல்லையில் யாராவது நிறுத்தி ஏதாவது கேட்பார்கள் என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கியது. கீழே ஆறு பால் கலந்த பச்சையாக ஓடியது. ஜன்னலுக்குப் பக்கத்தில் இதமான சூடு. பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. பாட்டு இல்லை, ஹாரன் இல்லை, சில்லறைத் தகராறு இல்லை. விழுப்புரம் பஸ்ஸில் இத்தனை அமைதி வந்தால் டிரைவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து நிற்போம். அந்த அமைதியில் என் கண் சொக்கிவிட்டது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணை விழித்தேன். பஸ் காலி. டிரைவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஆமாம், பெண்தான். நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள்.

“கடைசி நிறுத்தம், அம்மா,” என்றாள்.

“வடூஸ்?” என்று கேட்டேன். அதுதான் லீக்டன்ஸ்டைனின் தலைநகரம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “இது ஆஸ்திரியா. நீங்கள் கேட்கும் நாடு பின்னால் போய்விட்டது.”

ஒரு முழு நாட்டைத் தூங்கிக்கொண்டே தாண்டியிருக்கிறேன்! மாப்பிள்ளையைக் கோபித்துக்கொண்ட நான், திண்டிவனத்தைத் தாண்டிப் போகிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டின நான். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் அந்த நாட்டின் மேலேயே கோபப்பட்டேன். ஒரு நாடு என்றால் ஒரு மனுஷி கண் அசருகிற நேரத்துக்காவது நீளமாக இருக்க வேண்டாமா?

அதே பஸ் திரும்பிப் போகும், உட்காருங்கள் என்றாள் டிரைவர். தன் டப்பாவைத் திறந்து ஆப்பிள் துண்டு ஒன்றை நீட்டினாள். “போன வாரம் ஒரு ஜப்பான்காரர் இரண்டு முறை இப்படித் தாண்டினார்,” என்றாள். அது ஆறுதலாகத்தான் இருந்தது. மூன்று நாட்டு மண்ணை அரைக் காலையில் மிதித்தாயிற்று. என் பென்ஷன் புத்தகத்தை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

*

வடூஸில் நான் இறங்கியபோது ஒரு சுற்றுலா பஸ்ஸும் வந்து நின்றது. உள்ளே நம்ம நாட்டு ஜனங்கள்தான். வழிகாட்டிப் பையன் மைக்கில், “நாற்பது நிமிஷம்! போட்டோ, பாத்ரூம், சாவிக்கொத்து! நாற்பது நிமிஷத்தில் பஸ் கிளம்பும்!” என்று ஆங்கிலத்தில் கத்தினான். ஐம்பது பேர் இறங்கி ஓடினார்கள். நாற்பது நிமிஷத்தில் ஒரு நாடு! எங்கள் மேல்மருவத்தூர் பக்கத்து ஓட்டல்களில்கூட இட்லிக்கு இதைவிடக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள்.

ஊர் என்று பார்த்தால் ஒரு தெருதான் ஊர். கல் பாவிய தெரு. தலைக்கு மேலே நெட்டுக்குத்தாக மலை, மலை விளிம்பில் கோட்டை. அதற்கு மேல் உச்சிகளில் பனி. மொத்த நாட்டிலும் நாற்பதாயிரம் பேர் சொச்சம் இருப்பார்களாம். எங்கள் விழுப்புரம் டவுனில் பாதி வராது. இவர்களுக்கு ஒரு கொடி, ஒரு பார்லிமென்ட், ஒரு ராஜா. நாங்கள் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து, பிறகு கள்ளக்குறிச்சியைப் பிரித்துக் கொடுத்து, கலெக்டர் ஆபீஸுக்கு எந்த பஸ் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோட்டைக்கு ஏறலாம் என்று ஆசைப்பட்டேன். மேலே ராஜா குடும்பம் குடியிருக்கிறது, யாரையும் உள்ளே விடுவதில்லை என்று பயணிகள் அலுவலகத்துப் பெண் சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்துப் பனமலையில் பல்லவ ராஜா மலை உச்சியில் கட்டின கோயிலுக்கு யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறி நின்று ஏரியையும் வயலையும் பார்த்து மூச்சு வாங்கலாம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

அதே பெண், “பாஸ்போர்ட்டில் எங்கள் நாட்டு முத்திரை வேண்டுமா? கட்டணம் உண்டு,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும். சென்னை ஜன்னலில் ஒரு முத்திரைக்காக என்னை உரித்து எடுத்தார்கள். இங்கே கடையில் சோப்பு மாதிரி விற்கிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பசி வயிற்றைக் கிள்ளியது. சண்டை போடப் போகிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்று, தெருமுனையில் ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தேன். கறி இல்லாதது எது என்று கேட்டதற்கு மக்காச்சோளக் குருணையைப் பாலில் வேகவைத்துப் புரட்டி, உதிர் உதிராக, ஆப்பிள் கூழோடு கொண்டுவந்து வைத்தாள் பரிமாறுகிறவள். உப்புமாவுக்குத் தூரத்து உறவு. நல்ல ருசி.

“என் தாத்தா காலத்தில் இது ஏழைகள் சாப்பாடு. மூன்று வேளையும் இதுதான். இப்போது வெளியூர்க்காரர்கள் தேடி வந்து சாப்பிடுகிறார்கள்,” என்றாள் அவள்.

கேப்பைக் களிக்கும் இதே கதிதானே? எங்கள் ஊரில் களியைத் தின்று வளர்ந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலம் போய், இன்று சென்னை ஓட்டலில் மண்சட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு பச்சை மிளகாயை நிறுத்தி, போட்டோ எடுக்கிறார்கள். அதை நினைத்ததும் கோபம் சூடேறியது. நல்லது என்று எழுந்தேன். எனக்கு அந்தச் சூடு தேவையாக இருந்தது.

*

பார்த்திபன் வேலை செய்யும் ஓட்டல் அதே தெருவின் மறுகோடியில். வாசலில் தாஜ்மகால் படம். உள்ளே யானை, மயில், ஜரிகைத் திரை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, நாலு மேஜையில்தான் ஆட்கள் இருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைத் தாடி, கோட்டுப் போட்டுக்கொண்டு, “வெல்கம், மேடம்” என்று வந்தார்.

“பார்த்திபன் இருக்கானா?” என்று தமிழில் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம ஊரா! வாங்க வாங்க. எந்தூரும்மா உங்களுக்கு?”

“திண்டிவனம்.”

“யா அல்லா! நான் கோட்டக்குப்பம்மா! பாண்டிக்குப் பக்கத்துல...”

“தெரியும். நீங்கதான் ஓனரா?”

“ஆமாம்மா, ஷாகுல்னு பேரு. மொதல்ல உக்காருங்க...”

“உக்கார வரல. அந்தப் புள்ள பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு வாங்க.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. முப்பது வருஷம் வார்டில் கத்திப் பழகிய தொண்டை. “ஒருத்தன் பாஸ்போர்ட்ட இன்னொருத்தன் பூட்டி வெச்சிக்கறது எந்த ஊரு நியாயம்? அப்பன் செத்துப்போனதுக்குக்கூட அனுப்பலியே நீங்க! உங்க ஊட்ல ஒரு சாவு உழுந்தா இப்படித்தான் நாலு சேரைத் தொடச்சிக்கினு நிப்பீங்களா? ஊரு விட்டு ஊரு வந்து, நம்ம ஆளே நம்ம ஆளை இப்படிப் பண்ணலாமா? அவங்கம்மா ரெண்டு வருஷமா அழுதுக்கினு கெடக்கறா. இப்ப பாஸ்போர்ட் வரல, நான் போலீசுக்குப் போவேன். எந்த பாஷையில கத்தணுமோ அந்த பாஷையில கத்துவேன்!”

நாலு மேஜையிலும் முள்கரண்டிகள் நின்றுவிட்டன. ஜன்னல் ஓரத்தில் ஒரு வயதான கணவன் மனைவி, ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன கையோடு என்னையே பார்த்தார்கள். அந்த நாட்டில் அத்தனை சத்தம் அதற்கு முன் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஷாகுல் பாய் உள்ளே போனார். ஒரு பழுப்புக் கவரோடு திரும்பி வந்து, என் முன்னால் மேஜையில் வைத்தார். எனக்கு வெற்றி என்று நினைத்தேன்.

“சிஸ்டர்னு காசியம்மா சொல்றது உங்களைத்தான? பார்த்தி சொல்லியிருக்கான்,” என்றார் மெதுவாக. “நான் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? வர வேணாம்னு சொன்னது அவங்கம்மாதான?”

“என்னது?”

“அவன் அப்பா மவுத்தானப்ப, ஜல்தியா கெளம்புடா, கடைய நான் பாத்துக்கறேன்னு சொன்னவன் நான். அவன் போன்ல பேசிட்டு வந்து, ‘அம்மா வர வேணாம்னுட்டாங்க பாய். வந்து என்ன ஆவப் போவுது, அங்கயே வேலையப் பாருன்னுட்டாங்க’ன்னான். இந்த பாஸ்போர்ட்டும் அவனேதான் குடுத்தான். ‘என் கையில வாணாம் பாய், உங்க பீரோவுல வைங்க’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. வெச்சேன்.” அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “பெத்த புள்ளைய வராதன்னு சொல்ற அம்மா எப்படிப்பட்ட கல்நெஞ்சுக்காரின்னு நான் அன்னிக்குப் பூரா பேஜாரு பட்டேன்.”

உச்சத்தில் சாமியாடிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று மேளத்தை நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிட்டது எனக்கு. கை இன்னும் ஓங்கினபடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“அவனைக் கூப்புடுங்க,” என்றேன்.

*

பார்த்திபன் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முழங்கைவரை மைதா மாவு. போட்டோவில் பார்த்ததைவிட நல்ல உயரம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லு,” என்றேன். “யார்கிட்ட பொய் சொன்ன? இவர்கிட்டயா, உங்கம்மாகிட்டயா?”

“ரெண்டு பேர்கிட்டயும்தான் சிஸ்டர்.”

பாய் அவனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

“அந்த மாசம் என் பர்மிட்டு புதுப்பிக்கக் குடுத்திருந்தேன். வெளிய போனா திரும்ப உள்ள உடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். போவலாம்னு பாய் சொன்னாரு. எனக்குத்தான் தைரியம் வரல. அப்பா செத்த அன்னிக்கு நான் வேலையப் பத்தி யோசிச்சிக்கினு இருந்தேன் சிஸ்டர். அத அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஓனரு உடலன்னு சொல்லிட்டேன். அப்புறம் பாய் கேட்டாரு. அவர்கிட்ட அம்மா வாணாம்னுட்டாங்கன்னேன்.”

“சரி, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என்ன?”

“பர்மிட்டு வந்துச்சு. போவலாம்தான். ஆனா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவறது? கொள்ளி போடாதவன்னு ஊரே பேசும். பாஸ்போர்ட்டு கையில இருந்தா, ‘ஏன் போவல, ஏன் போவல’ன்னு அதுவே கேக்கற மாதிரி இருந்துச்சு. அதான் பாய்கிட்ட குடுத்தேன். அம்மாகிட்ட சொன்னதும் பொய் இல்லாம ஆயிடும்னு...”

எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த முறை சரியான ஆள் எதிரிலேயே நின்றான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அப்பன் கண்ணை மூடுகிற நேரத்தில் வெளியே டீக்கடையில் நின்றவன், ‘காலையில பாத்துக்கலாம்’ என்று வீட்டுக்குப் போனவன். எல்லோருக்கும் இதே முகம்தான். ஒருவனையும் நான் திட்டியதில்லை. இவனைத் திட்டவும் நாக்கு எழவில்லை.

போனை எடுத்தேன். நம் ஊரில் அப்போது விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். காசியம்மா முகம் திரையில் வந்தது. அரைக் கண்ணும் நெற்றியும் மட்டும். எப்போதும் அப்படித்தான் பிடிப்பாள்.

“காசியம்மா, உன் புள்ள ஏதோ சொல்லணுமாம். கேளு,” என்று அவன் கையில் கொடுத்தேன்.

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நெற்றி அப்படியே இருந்தது.

பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்!

“அடப் பாவி! அந்த மனுசனுக்கு நான் ரெண்டு வருசமா சாபம் உட்டுக்கினு கெடந்தேனேடா! வெள்ளிக்கிழமை தவறாம மாரியாத்தா கோயில்ல போய் மண்ண வாரித் தூத்தினேனேடா! அவரு கட நொடிச்சிப் போவணும், கையி காலு வெளங்காம போவணும்னு! ஒண்ணும் தெரியாத மனுசன். அந்தப் பாவத்த எங்க போயி எறக்கறது? நீ வாணாம், போன அவர்கிட்ட குடு. குடுடா!”

பாய் திடுக்கிட்டு, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, போனைக் கையில் வாங்கினார்.

“சலாம்மா...”

“ஐயா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்யா. உங்களுக்கு ஒடம்பு எல்லாம் நல்லா கீதா? கையி காலு?”

“நல்லா இருக்கேம்மா. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது.”

“ஐயோ, அது என்னாலதான்யா!” என்று அவள் ஓ என்று அழ ஆரம்பித்தாள்.

“இல்லம்மா, இல்ல! அது பத்து வருஷமா வலிக்குது, துபாய்ல இருக்கறப்பவே!” பாய் பதறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் உங்களைக் கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சிக்கினுதாம்மா இருந்தேன். நீங்களும் என்னை மன்னிச்சிடுங்க,” என்றார்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. “நான் கல்நெஞ்சுக்காரியா? எவன் சொன்னது? அவன்கிட்ட போன குடுங்க!”

ஜன்னலோரத்துக் கிழவர் எழுந்து வந்து பாயிடம் ஏதோ கேட்டார். பாய் ஜெர்மனில் பதில் சொன்னதும், அவர் தலையாட்டிக்கொண்டு போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கைக்குட்டையை அசைத்தாள்.

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“‘ஒரு குடும்பம் பேசிக்குது’ன்னேன், சிஸ்டர்.”

*

கை நனைக்கக் கூடாது என்ற சபதம் அதற்கு மேல் நிற்கவில்லை. வெளியே விற்பதெல்லாம் பட்டர் சிக்கனும் நான் ரொட்டியும். உள்ளே தங்களுக்கென்று அவர்கள் வைத்திருந்தது மாங்காய் போட்ட மீன் குழம்பு. பார்த்திபன் வைத்தது. சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்ததும் எனக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது.

“இதை ஏன் வெளிய விக்கல? தாஜ்மகாலுக்கும் கோட்டக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“இவங்களுக்கு இந்தியான்னா அது ஒண்ணுதான் சிஸ்டர் தெரியும்.”

“அப்ப தெரியவைங்க. நாற்பதாயிரம் பேர்தான இருக்கறாங்க? எங்க ஆஸ்பத்திரிக்கு அதுக்கு மேலயே வந்து போயிருப்பாங்க. ஒரு வருஷம் போதும்.”

பார்த்திபன், அவன் அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை உரித்து வாயில் போட்டு, மெல்லாமலே வெகுநேரம் வைத்திருந்தான். பாஸ்போர்ட் மேஜை மேல் இருந்தது. மூன்று பேரும் அதைத் தொடவில்லை. நான் கிளம்பி எழுந்தபோதுதான் அவன் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். பையில் பாதிதான் நுழைந்தது.

“ரேவதிகிட்ட சொல்லுங்க சிஸ்டர்,” என்றான்.

“நான் எதுக்குச் சொல்லணும்? உனக்கு வாயில்லையா?”

திரும்பும் பஸ்ஸில் நான் கண்ணை மூடவே இல்லை. அந்த நாட்டை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தேன். மேய்ச்சல் புல், கழுத்து மணி கட்டிய மாடு, அடுக்கி வைத்த விறகு, துணி காயப் போடாத மாடிகள், தோட்டத்தில் தனியாக ஒரு சைக்கிள். ஒரு ஊர் என்றால் என்னென்ன இருக்குமோ எல்லாம் இருந்தன. வீட்டில் மாப்பிள்ளை, “என்ன அத்தை, டீ குடிச்சீங்களா?” என்று கேட்டார். “மீன் குழம்பு சாப்ட்டேன்,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். விளக்கம் எதுவும் தரவில்லை. அது அவருக்குத் தண்டனை.

*

தை பிறந்து நாலாம் நாள், விழுப்புரம் ஜங்ஷனில் காசியம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன். சென்னையில் இறங்கி ரயில் பிடித்து வருவதாக அவன் சொல்லியிருந்தான். காலை வெயிலிலேயே அவள் மூன்று முறை தண்ணீர் குடித்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். ரயில் அரை மணி தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும், ரயில்வேயைத் தலைமுறை தலைமுறையாக இழுத்துத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

வண்டி வந்தது. கூட்டத்துக்கு நடுவே பார்த்திபன் இறங்கினான். ரெண்டு பெட்டி. ஒன்று ஷாகுல் பாய் ரேவதிக்குக் கொடுத்தனுப்பியது என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்துவிட்டான். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, நாலடி தள்ளி வந்து, அதற்கு மேல் வர முடியாமல் நின்றான்.

காசியம்மா போனாள். அவன் முன்னால் போய் நின்று, கன்னத்தில் அறைய வலது கையை ஓங்கினாள்.

நர்ஸ் புத்தி, தடுக்கத்தான் தோன்றியது. தடுக்கவில்லை. ஒன்று விழட்டும், வாங்க வேண்டியவன்தான் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஆனால் அவள் குள்ளம். அவனோ நல்ல வளர்த்தி. ஓங்கின கை அவன் தோள் உயரத்துக்குத்தான் எட்டியது.

அவன் குனிந்து கொடுத்தான்.